ரேஞ்ச்ஃபைண்டர் கையில் வந்த கதை: நெல்லைப் பக்கத்து அனுபவங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து:

என்னிடம் இருப்பது ஸோர்க்கி 4, பழைய ரஷ்ய ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா. ஃபைண்டரில் இரட்டையாகத் தெரியும் பிம்பத்தை ஒன்றாக்கி ஃபோகஸ் செய்கிற வகை. எங்கள் பக்கத்துத் தெருவில் மூடிப்போன ஸ்டூடியோவின் மர பீரோவிலிருந்து வந்தது. ஸ்டூடியோக்காரத் தாத்தா இதில் கல்யாணம் எடுத்ததில்லை, அதற்கு அவரிடம் இரட்டைக் கண் யாஷிகா இருந்தது. கோயில் கொடை, ஆற்றங்கரை, சொந்த ஆசை, இதற்கெல்லாம்தான் ஸோர்க்கி. கையில் கொடுக்கும்போது ஒன்றே ஒன்று சொன்னார்: "எய்யா, பிலிமைச் சுத்தாம ஸ்பீடைத் திருகிராத. திருகினா பொட்டி போச்சு."

அது வெறும் பயமுறுத்தல் இல்லை. இந்தக் கேமராவில் ஷட்டர் ஏறும்போதும் விழும்போதும் ஸ்பீடு வளையமும் கூடவே சுற்றும். ஷட்டர் ஏறிய பிறகுதான் எண்கள் சரியான இடத்தில் நிற்கும். அதற்கு முன் வலிந்து திருப்பினால் உள்ளே இருக்கும் பாகம் கெடலாம். பழைய ரஷ்யக் கேமரா வாங்குகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

1956 முதல் 1973 வரை மாஸ்கோவுக்குப் பக்கத்தில் கிராஸ்னகோர்ஸ்க் ஆலையில் செய்த மாடல் இது. பரம்பரையைத் தோண்டினால் 1932-இல் வந்த லைக்கா II-இல் போய் நிற்கும். 39 மி.மீ. விட்டமுள்ள திருகு மரை அங்கிருந்து வந்தது. அந்தக் காலத்து லைக்கா, சோவியத் ஃபெட், ஸோர்க்கி, கேனான் எல்லாவற்றுக்கும் அதே மரைதான். ஒன்றின் லென்ஸைக் கழற்றி இன்னொன்றில் திருகிவிடலாம். இதைக் கேட்டதும் எல்லோருக்கும் ஆசை வந்துவிடும், எனக்கும் வந்தது.

என் சித்தப்பா கொழும்பில் கடை வைத்திருந்த காலத்தில் வாங்கிய கேனான் 7 வீட்டில் கிடந்தது. 1961-இல் வந்த மாடல். 35, 50, 85, 100, 135 மி.மீ. லென்ஸ்களுக்கு உண்டான சட்டக் கோடுகளை வ்யூஃபைண்டருக்குள்ளேயே காட்டும். ஸோர்க்கியிலோ 50-க்கு மட்டும்தான் பார்வை, வேறு லென்ஸ் போட்டால் கேமரா தலையில் தனி ஃபைண்டர் மாட்ட வேண்டும். அதனால் ஸோர்க்கியின் ஜூபிட்டர்-8 லென்ஸைக் கேனானில் போட்டு, எஃப் 2-இல் முழுக்கத் திறந்து, திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆச்சியை எடுத்தேன். ஃபைண்டரில் கண்ணின் இரண்டு பிம்பமும் கச்சிதமாக ஒன்றாகியிருந்தன. படத்தில் கண் மசங்கல், காதுப் பாம்படம் பளிச்!

காரணம் இதுதான். ரேஞ்ச்ஃபைண்டரில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதே இல்லை. லென்ஸின் பின்விளிம்பு முன்னும் பின்னும் நகர, பாடிக்குள் இருக்கும் ஒரு நெம்பு அதைத் தொட்டுக்கொண்டே நகரும். அந்த நெம்புதான் ஃபைண்டரில் பிம்பத்தைச் சேர்க்கிறது. லைக்காவும் கேனானும் 50 என்று எழுதிய லென்ஸை ஏறக்குறைய 51.6 மி.மீ. என்று வைத்துக் கணக்குப் போடுகின்றன. ஜூபிட்டர்-8, ஜெர்மனியின் கான்டாக்ஸ் கேமராவுக்கு வந்த ஸோனார் லென்ஸின் வாரிசு, அந்த வழியில் ஏறக்குறைய 52.4. ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லை. ஆனாலும் ஒரு மீட்டர் தூரத்தில் முழுத் திறப்பில் ஃபோகஸ் சில சென்டிமீட்டர் பின்னால் போய்விடும். எஃப் 8-க்கு மூடினால் தெளிவாக விழும் ஆழம் கூடித் தப்பு மறைந்துவிடும். அதனால்தான் வெயிலில் எடுக்கிறவர்களுக்கு இது வருஷக்கணக்கில் தெரியாமலே இருக்கிறது.

சோதிக்கப் பெரிய வசதி ஒன்றும் வேண்டாம். பின்மூடி கழலும் கேமராவானால் பிலிம் ஓடும் தண்டவாளத்தில் டிரேசிங் பேப்பரை இறுக்கமாக ஒட்டி, ஷட்டரை பி-யில் (அழுத்திப் பிடிக்கும் வரை திறந்தே இருக்கும் நிலை) திறந்து வைத்துப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். முதலில் தூரத்துக்கு ஒரு கோபுரம், அப்புறம் ஒரு மீட்டரில் ஒரு தீப்பெட்டி. லென்ஸின் கண்ணாடிக் கூட்டுக்கும் அதைத் தாங்கும் வளையத்துக்கும் நடுவே மெல்லிய ஷிம் வளையம் போட்டு ஓரளவு சரிக்கட்டலாம். கிட்டத்துக்குச் சரிசெய்தால் தூரம் கொஞ்சம் விலகும், அங்கே திறப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான். நான் அந்த வம்புக்குப் போகவில்லை. ஜூபிட்டர் ஸோர்க்கிக்கே திரும்பிப் போய்விட்டது.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

பாளையங்கோட்டை அண்ணாச்சி சொன்ன அந்த நெம்பு எனக்குக் காசைக் காப்பாற்றிக் கொடுத்தது. ஒரு பழைய வீட்டுச் சாமான் விற்பனையில் தங்க முலாம் பூசிய 'லைக்கா' இருப்பதாகத் தகவல் வந்தது. போய்ப் பார்த்தால் மேலே கழுகு முத்திரை, ஜெர்மன் எழுத்து, மரப்பெட்டி. இரண்டாம் உலகப்போரில் யாரோ அதிகாரி வைத்திருந்ததாம். விலை கேட்டுத் தலை சுற்றியது.

நான் லென்ஸைக் கழற்றி உள்ளே மேல்பக்கம் பார்த்தேன். அசல் லைக்காவில் அந்த நெம்பின் நுனியில் சுழலும் சின்ன உருளை இருக்கும். இதில் தட்டையாக ஒரு நாக்கு. அடுத்து லென்ஸ். லைக்காவின் அசல் எல்மார் 50 மி.மீ. லென்ஸில் திறப்பு இதழ்கள் முன்கண்ணாடிக்கு உடனே பின்னால் தெரியும். சோவியத் இண்டஸ்டார் லென்ஸில் இன்னும் ஒரு கண்ணாடி தள்ளி உள்ளே இருக்கும். இரண்டும் சோவியத் நாட்டைத்தான் காட்டின. ஃபெட் அல்லது ஸோர்க்கியை வாங்கி, பழைய எழுத்தைத் தேய்த்து, முலாம் பூசி விற்பது பல காலமாக நடக்கிற வியாபாரம்.

விற்றவருக்கும் விஷயம் தெரியாது என்றுதான் நினைக்கிறேன், அவரும் யாரிடமோ ஏமாந்திருக்கிறார். ஃபெட் விலைக்குக் கேட்டேன், தரவில்லை. சரி, போகட்டும். ஆனால் ஃபெட்டைக் கேவலமாகப் பேசுவது எனக்குப் பிடிக்காது. உக்ரைனின் கார்க்கிவ் நகரில் ஆதரவற்ற பிள்ளைகளுக்காக நடந்த உழைப்புக் கம்யூன் ஒன்றில், 1934-இல் அந்தப் பிள்ளைகள் கையால் உருவாகத் தொடங்கியது அது. கழுகு வேஷம் போட்டுத்தான் மதிப்புத் தேட வேண்டுமா?

தென்காசியிலிருந்து:

எங்கள் ஊர்க் கதை ஒரே கதைதான், பூஞ்சை. சாரல் தொடங்கி ஆடி முடியும் வரை காற்றே ஈரம். லென்ஸை அதன் தோல் உறையிலேயே பூட்டி அலமாரியில் வைப்பதைப் போலக் கெடுதல் வேறில்லை. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், கண்ணாடிக்குள் வெள்ளை நூல் படரும். நாள் பட்டால் கண்ணாடிமேல் இருக்கும் மெல்லிய பூச்சையும் அரித்துவிடும், அப்புறம் துடைத்தாலும் தடம் போகாது. நான் காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கிறேன். அவ்வப்போது லென்ஸை வெயிலிலும் காட்டுவேன்.

நெல்லை டவுணிலிருந்து:

தென்காசி அண்ணாச்சி, வெயிலில் காட்டுவது சரி, லென்ஸைக் கேமராவிலிருந்து கழற்றித்தானே காட்டுகிறீர்கள்? லென்ஸ் வழியாகவே பார்க்கிற எஸ்.எல்.ஆர். கேமராவில் நடுவே ஒரு முகக்கண்ணாடி ஒளியை மேலே திருப்பிவிடும். ரேஞ்ச்ஃபைண்டரில் அது கிடையாது. லென்ஸ் சேர்த்த சூரியன் நேராக ஷட்டர் திரையில் விழும். லைக்கா, ஃபெட், ஸோர்க்கி எல்லாம் துணித்திரை. நம்மூர் வெயிலுக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? பொசுங்கி ஊசித்துளை விழும், பிறகு எல்லாப் பிரிண்டிலும் வெள்ளைப் பொட்டு. கேனான் 7-இல் உலோகத் திரை, பொசுங்காது. ஆனால் விரல் பட்டால் கசங்கும். வெளியில் போகும்போது மூடி போட்டே வைத்திருங்கள். மூடியோடு படம் எடுத்தாலும் ஃபைண்டர் ஒன்றும் சொல்லாது, அது இந்தக் கேமராக்களின் இன்னொரு குணம்.

ஆனித் தேரோட்டத்துக்கு ரத வீதியில் 35 மி.மீ. ஜூபிட்டர்-12 போட்டு எடுப்பேன். பின்கண்ணாடி குண்டாக உள்ளே நீளும் லென்ஸ் அது. சில கேமராக்களில் உள்ளே தட்டும் என்பதால் மெல்லத் திருகிப் பார்த்துத்தான் போட வேண்டும். தலையில் மாட்டும் ஃபைண்டரில் சட்டத்துக்கு வெளியேயும் கொஞ்சம் தெரியும். சறுக்குக்கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிற ஆள் படத்துக்குள் நுழைவதற்கு முன்பே கண்ணில் பட்டுவிடுவார், நான் காத்திருந்து அழுத்துவேன். இதற்காகவே எனக்கு எஸ்.எல்.ஆர். பிடிக்காமல் போய்விட்டது. 1950-இல் ரமணரின் கடைசி நாட்களில் திருவண்ணாமலையில் இருந்து படமெடுத்த பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே-பிரெஸ்ஸோன் பெரும்பாலும் 50 மி.மீ.-யிலேயே வாழ்ந்தவர். தேர் அன்றைக்கு ரத வீதியில் நின்று பார்த்தால் அவரும் 35-க்கு இறங்கி வந்திருப்பார் என்பது என் கட்சி!

பாளையங்கோட்டையிலிருந்து மறுபடி:

தனிச்செய்தியில் இரண்டு கேள்வி வந்தது. திருகு லென்ஸை 1954 முதல் வந்த, மரை இல்லாத லைக்கா எம் வகையில் போடலாமா? போடலாம், அதற்கென்று ஒரு மில்லிமீட்டர் தடிமனில் வளையம் கிடைக்கிறது. கறுப்பு வெள்ளையை வீட்டிலேயே கழுவலாமா? தாராளமாக. பிலிம் கழுவும் மருந்தான டி-76 டெவலப்பருக்கு வழக்கமான சூடு 20 டிகிரி. சித்திரையில் நம் குழாய்த் தண்ணீர் அதற்கு எங்கேயோ மேலே நிற்கும், டேங்கை ஐஸ் போட்ட வாளியில் இறக்கி வைத்து, தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டே ஊற்றுங்கள். வாளித் தண்ணீர் டேங்குக்குள் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.