விடுதிப் பதிவேட்டில் என்ன எழுதணும்: வாளையார் (தமிழ்நாடு-கேரள) எல்லையோரக் கல்லூரி விடுதிக்காரர்களின் அனுபவப் பகிர்வு

துணைக் காப்பாளர், ஆண்கள் விடுதி, எட்டிமடை பக்கம்

புது ஆட்கள் வேலையில் சேர்ந்ததும் விதிமுறைப் புத்தகத்தைக் கையில் கொடுத்து "படிச்சுக்கங்க" என்றால் யாரும் படிப்பதில்லை. பலன் தருவது எழுத வைக்கும் பயிற்சிதான். இரண்டு ஊழியர்கள் மூன்று நிமிஷம் ஒரு தகராறை நடித்துக் காட்ட வேண்டும். பார்த்தவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசாமல் பத்து நிமிஷத்தில் அதை எழுத வேண்டும். யார் முதலில் கை ஓங்கினார் என்பதிலேயே தாளுக்குத் தாள் மாறும். எல்லாத் தாளையும் ஒரே மேஜையில் பரப்பி வைத்துப் படித்தால், எவ்வளவு ஊகத்தைக் கண்ணால் கண்டது மாதிரி எழுதியிருக்கிறோம் என்று அவரவருக்கே தெரிந்துவிடும். சேர்க்கை தொடங்கி விடுதி நிரம்புவதற்கு முன் இதை முடித்துவிடுவது நல்லது. நிரம்பிய பிறகு நேரம் கிடைக்காது.

புதியவர் எழுதும் பதிவு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "214-இல் பசங்க குடிச்சிட்டு ரகளை. கண்டித்து அனுப்பப்பட்டது." ஆறு மாதம் கழித்து ஒழுங்குக் குழு முன் இது வந்தால் ஒன்றுக்கும் உதவாது. எத்தனை பேர்? குடித்தது எப்படித் தெரியும்? கண்டித்தது யார்? அந்த மாணவனின் அப்பா வந்து கேட்டால் பதில் சொல்ல முடியாது. அதே அளவுக்கு, தவறே செய்யாமல் அந்த அறையில் உட்கார்ந்திருந்த பையனையும் இந்தப் பதிவு காப்பாற்றாது.

இப்படி எழுதலாம்: "23.40: இரண்டாம் மாடியில் சத்தம் என்று 211 அறை மாணவர் போனில் சொன்னார். 23.44: 214 கதவைத் தட்டினேன். இரண்டாவது தடவை தட்டியதும் திறந்தார்கள். உள்ளே நான்கு பேர். இருவர் அந்த அறைக்காரர்கள், இருவர் 220. ஜன்னலோரக் கட்டிலில் இருந்தவரிடம் மது வாடை. எழுந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டார். பெயரும் பதிவெண்ணும் சரியாகச் சொன்னார். மற்ற மூவரிடம் வாடை இல்லை. பாட்டில், டம்ளர் எதுவும் கண்ணில் படவில்லை. இரவுக் காவலர் உடன் இருந்தார். 23.52: 220 மாணவர்கள் தங்கள் அறைக்குப் போனார்கள். எதிர்ப்பேச்சு இல்லை."

கடைசி வரிகளைக் கவனியுங்கள். இல்லாததையும் எழுத வேண்டும்: பாட்டில் இல்லை, மூவரிடம் வாடை இல்லை, எதிர்ப்பேச்சு இல்லை. பயிற்சியில் இந்தப் பழக்கம்தான் கடைசியாக வரும். ஆனால் விசாரணையில் முதலில் கேட்கப்படுவது அதுதான்.

"திமிராகப் பேசினார்", "வழக்கமாகவே இப்படித்தான்", "சந்தேகப்படும்படி இருந்தார்" போன்றவை பதிவேட்டில் வரவே கூடாது. திமிராகப் பேசினார் என்றால் என்ன பேசினாரோ அந்த வார்த்தையை மேற்கோள் குறிக்குள் அப்படியே எழுதுங்கள். கெட்ட வார்த்தையாக இருந்தாலும் புள்ளி வைத்து மறைக்க வேண்டாம்.

செவிலியர், கல்லூரி வளாக மருத்துவ அறை, நவக்கரை

மேலே சார் எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். "குடிபோதையில் இருந்தார்" என்பது நோயைத் தீர்மானித்துச் சொல்வது. அதைச் சொல்லும் வேலை விடுதி ஊழியருக்கு இல்லை. சர்க்கரை தாழ்ந்தவர், வலிப்பு வந்து முடிந்தவர், தலையில் அடிபட்டவர் என மூன்று பேருமே நாக்குழறித் தள்ளாடுவார்கள். குடித்தவர் மாடிப்படியில் விழுந்து தலையில் அடிபட்டும் இருக்கலாம். அப்போது வாடையை மட்டும் பார்த்துப் படுக்க வைத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

கூப்பிட்டும் தட்டியும் எழவில்லையா, திரும்பத் திரும்ப வாந்தியா, தோல் நீலம் பாய்ந்து சில்லென்று இருக்கிறதா, ஒரு நிமிஷத்துக்கு எட்டு மூச்சுக்கும் குறைவா, இரண்டு மூச்சுக்கு நடுவே பத்து நொடிக்கு மேல் இடைவெளி விழுகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் 108. வண்டி வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, பக்கத்திலேயே ஒருவர் இருக்க வேண்டும். காபி, மோர், பச்சைத் தண்ணீர் குளியல் எதுவும் வேண்டாம். பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை, கூப்பிட்டால் எழுகிறாரா, மூச்சு எத்தனை என்று நேரத்தோடு எழுதி, அந்தத் தாளின் படத்தை ஆம்புலன்ஸில் வருபவரிடம் காட்டுங்கள். "தூங்கட்டும், காலையில் பேசிக்கலாம்" என்று கதவைச் சாத்திவிட்டுப் போவதை மட்டும் யாரும் செய்யாதீர்கள்.

காப்பாளர், பெண்கள் விடுதி, பாலக்காடு

எங்கள் பக்கம் பாதிப் பிள்ளைகள் தமிழ், பாதி மலையாளம். புகார் எந்த மொழியில் வருகிறதோ அந்த மொழியில், அந்தப் பிள்ளையின் கையெழுத்திலேயே வாங்க வேண்டும். ஊழியர் கேட்டுத் தமிழில் மாற்றி எழுதினால், "நான் அப்படிச் சொல்லவில்லை" என்ற ஒரு வரியில் புகார் நின்றுபோகும். மொழிபெயர்ப்பு வேண்டுமானால் தனித்தாளில் செய்து, செய்தவர் கையெழுத்தோடு பின்னால் இணையுங்கள்.

பெற்றோருக்குப் போன் செய்தால், சேர்க்கைப் படிவத்தில் இருக்கும் எண்ணுக்கே செய்யுங்கள். பிள்ளை சொல்லும் எண்ணுக்கு வேண்டாம். அப்பா வளைகுடாவில் இருப்பது இங்கே சகஜம். துபாய் நேரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். அவர் "பத்து மணிக்குச் சொன்னீங்க" என்பார், பதிவேட்டில் 23.30 இருக்கும். அதனால் இந்திய நேரம் மட்டும் எழுதி, வாட்ஸ்அப் அழைப்பா சாதா அழைப்பா என்பதையும் குறிக்க வேண்டும்.

ராகிங் விஷயத்தில் ஊழியர் எழுதும் முதல் நேரம்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2009 விதிமுறைப்படி, குற்ற வழக்குக்கு இடமிருந்தால் தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் கல்லூரித் தலைவர் முதல் தகவல் அறிக்கைக்கு நடவடிக்கை எடுக்க வேண்டும். இதற்கு மேல் கேரளத்தின் 1998 சட்டம், எழுத்துப் புகார் வந்தால் ஏழு நாளுக்குள் விசாரிக்கச் சொல்கிறது. தமிழ்நாட்டில் 1997 சட்டம். இரண்டிலும் தண்டனை இரண்டு வருஷம் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். ஆகவே "நேற்று யாரோ சொன்னார்கள்" என்று எழுதினால், இந்தக் கணக்கு எங்கே தொடங்குகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. யார் சொன்னது, எத்தனை மணிக்கு, அதை நாம் யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னோம் என்ற மூன்றும் வேண்டும். 1800-180-5522 என்ற உதவி எண் மாடிக்கு மாடி சுவரில் இருக்கட்டும்.

எல்லை தாண்டிய பஸ்ஸிலோ ரயிலிலோ நடந்தது என்றால் "அது அந்த ஸ்டேஷன் எல்லை" என்று பிள்ளையை அலைய விடக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவுப்படி, வாரன்ட் இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றத்துக்கு எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம். சம்பவம் வாளையாருக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரியாவிட்டால், கடைசியாகப் பார்த்த நிறுத்தத்தின் பெயரை எழுதினால் போதும்.

பாலிடெக்னிக் பிள்ளைகளில் பலர் 18 வயது நிரம்பாதவர்கள். பாலியல் தொல்லை என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால், போக்சோ சட்டத்தின் (குழந்தைகளைப் பாலியல் குற்றத்திலிருந்து காக்கும் சட்டம்) 19-ஆம் பிரிவுப்படி போலீஸுக்குச் சொல்வது கட்டாயம். இங்கே பெரும்பாலான ஊழியர்கள் அக்கறையில்தான் தவறுகிறார்கள். உட்கார வைத்து முழுக் கதையும் கேட்கிறார்கள், அதே கதையை இன்னொரு மேடம் வந்து மறுபடி கேட்கிறார். அப்படிச் செய்ய வேண்டாம். பிள்ளை தானாகச் சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதி, கேள்வியை நிறுத்தி, பக்கத்தில் இருங்கள். அந்தப் பதிவு பொதுப் பதிவேட்டில் ஏறக் கூடாது. தனி உறையில் போட்டு ஒட்டி, காப்பாளரிடம் நேரில் போக வேண்டும். பதிவேட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து ஊழியர் குரூப்பில் போடுவது, எந்தச் சம்பவமானாலும், அறவே கூடாது.

பாதுகாப்பு மேற்பார்வையாளர், வாளையார்

கேமரா பற்றி யாரும் சொல்லலைங்க. டிவிஆர், அதாவது கேமரா படத்தைப் பதியுற பெட்டி, அதோட கடிகாரமும் நம்ம போனும் ஒரே நேரம் காட்டாது, சில நிமிஷம் தள்ளியே இருக்கும். ஷிப்ட் மாறும்போது இரண்டையும் பார்த்து "டிவிஆர் 6 நிமிஷம் முந்தி" என்று பதிவேட்டில் எழுதிட்டாப் போதும். இல்லாட்டி 23.44க்குக் கதவு தட்டினதா ஊழியர் எழுதியிருப்பார், படத்தில் 23.50க்குத் தெரியும், இரண்டில் எது பொய்னு கேள்வி வரும். எட்டு கேமரா ஓடுற ஒரு டெராபைட் (டிபி) டிஸ்க்கில் ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள் படம்தான் தங்கும். அப்புறம் பழசு மேலேயே பதிவாகும். அதனால சம்பவம் நடந்த அன்னிக்கே பென்டிரைவில் எடுத்து, எடுத்தவர் பெயர், நேரம் எழுதி உறையில் போடுங்க.

இந்தப் பக்கம் காட்டு யானை இறங்குற நாள் உண்டு. அன்னிக்குக் கேட்டைச் சீக்கிரம் பூட்டுவோம், பஸ் ஸ்டாப்பில் இறங்கின பசங்களை அங்கேயே நிறுத்தி வைப்போம். அதை எழுதலைன்னா மறுநாள் பத்துப் பேர் தாமத வருகைக் கணக்கில் மாட்டுவாங்க. பாவம், அவங்க மேல தப்பில்லை. பூட்டின நேரம், திறந்த நேரம், யார் சொல்லிப் பூட்டினோம், மூணையும் எழுதுங்க.

எழுத வராத வாட்ச்மேன் அண்ணன்களும் நிறைய இருக்காங்க. அவர் சொல்லச் சொல்ல இன்னொருத்தர் எழுதி, திரும்பப் படிச்சுக் காட்டி, "படித்துக் காட்டப்பட்டது"ன்னு எழுதிக் கையெழுத்தோ ரேகையோ வாங்கணும். எழுதினவரும் கீழே கையெழுத்துப் போடணும்.

துணைக் காப்பாளர், ஆண்கள் விடுதி, எட்டிமடை பக்கம்

விதிகள் பற்றி ஒரு வார்த்தை. எல்லா மாடிக்கும் ஒரே அளவுகோல் இல்லையென்றால் பதிவேடே அதைக் காட்டிக்கொடுக்கும். இரவு 22.30க்கு மேல் சத்தம் என்று முதல் மாடியில் பன்னிரண்டு பதிவு, மூன்றாம் மாடியில் ஒன்றுகூட இல்லை என்றால், மூன்றாம் மாடி அமைதியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. அங்கே இருப்பவர் எழுதுவதில்லை. மாதம் ஒருமுறை மாடிவாரியாக எண்ணிப் பார்க்க வேண்டும்.

சில தகராறுகளைப் பதிவுக்கு வராமலே தடுக்கலாம். கார்த்திகை முதல் தேதி சபரிமலைக்கு மாலை போடுகிறவர்கள் விடியும் முன் எழுந்து குளிப்பார்கள், சரணம் சொல்வார்கள். அறை நண்பருக்குத் தேர்வு இருக்கும். ஐப்பசி கடைசி வாரத்திலேயே யார் மாலை போடுகிறார்கள் என்று கேட்டு, விருப்பம் இருந்தால் ஒரே அறையில் சேர்த்து, கீழ்த்தளக் குளியலறையை ஒதுக்கி, ஒத்துக்கொண்டதை இரு தரப்பும் கையெழுத்திட்ட அரைத் தாளாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த 41 நாளும் சுமுகமாகப் போகும்.

பதிவேடு பக்க எண் அச்சிட்ட கெட்டி அட்டை நோட்டாக இருக்கட்டும். பால் பாயின்ட் பேனாவால் எழுதுங்கள். அழிக்க வெள்ளை மை கூடாது. பிழையானால் வாசிக்கத் தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சுருக்கொப்பம். ஷிப்ட் முடியும்போது மிச்ச இடத்தைக் குறுக்கே அடித்து, போகிறவரும் வருகிறவரும் அந்தக் கோட்டின் மேலேயே நேரத்தோடு கையெழுத்துப் போட வேண்டும்.