ப்ராக்ஸி: ஆளா, துறையா?

வணக்கம்.

ப்ராக்ஸிக்கு, அதாவது நம் கணினிக்கும் இணையத்துக்கும் நடுவில் நின்று இணைப்பு வாங்கித் தரும் கணினிக்கு, தமிழில் 'பதிலாள்' என்று முடிவாகிவிட்டது, இனிப் பேச என்ன இருக்கிறது என்று போன வாரம் நம் கலைச்சொல் குழுவில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். எனக்கும் அந்தச் சொல்லோடு சண்டை ஏதும் இருக்கவில்லை, என் நிரலிலும் அதைத்தான் போட்டிருந்தேன். போட்ட பிறகு ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் ஒரு ஐஸ் கம்பெனிக் கணக்குப்பிள்ளையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்தக் கதையைச் சொன்னால்தான் நான் ஏன் கட்சி மாறினேன் என்பது புரியும்.

நிரல் பெரிதாக ஒன்றுமில்லை. ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் வெளியிடுகிற அலை, காற்று முன்னறிவிப்பை எடுத்துத் திரையில் தமிழில் காட்டும், அவ்வளவுதான். ஐஸ் ஏற்ற வருகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். அந்தக் கம்பெனிக் கணினி நேராக வெளியே போக முடியாது, ராமநாதபுரத்தில் இருக்கும் அவர்களுடைய தலைமை அலுவலகத்து ப்ராக்ஸி வழியாகத்தான் எல்லாமே. ஒரு நாள் விடிகாலை அது படுத்துவிட்டது. நிரல் தன் கடமையைச் செய்து, "பதிலாள் இணைப்பை மறுத்துவிட்டார்" என்று சிவப்பில் காட்டியிருக்கிறது. கணக்குப்பிள்ளை அதைப் படித்துவிட்டு நேரே ராமநாதபுரத்துக்குப் போன் போட்டு, "யாருய்யா அங்க மறுத்தது?" என்று கேட்டு, அவர்கள் யாரும் மறுக்கவில்லை என்று சாதிக்க, அரை மணி நேரம் வாக்குவாதம். அப்புறம் எனக்குப் போன். "தம்பி, எந்த ஆளு மறுத்தான்னு பேரையும் சேர்த்துப் போட்டுத் தொலைங்களேன்."

சிரித்துவிட்டு விட்டுவிடலாம், ஆனால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. 'ஆள்' என்று முடிகிற சொல்லுக்குத் தமிழில் உயர்திணை வினைதான் வரும். 'பதிலாள் மறுத்தது' என்று எழுதினால் காது கூசுகிறது, 'மறுத்தார்' என்று எழுதினால் ராமநாதபுரத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார். கணினி, செயலி, உலாவி எல்லாம் இகரத்தில் முடிந்து சமர்த்தாக அஃறிணையில் நிற்பதால் இந்தத் தொல்லை அவற்றுக்கு வரவில்லை. அப்படியானால் 'பதிலி' என்று வைத்துக்கொள்ளலாமே என்றால் திணைச் சிக்கல் தீரும், பொருள் சிக்கல் தீராது. பதிலுக்கு ஒருவர் போகிறார் என்றால் நான் போகவில்லை என்று பொருள். எங்கள் பக்கம் உடம்பு சரியில்லாதவன் கடலுக்குப் பதில் ஆள் அனுப்புவான், அன்றைக்கு அவன் வீட்டில் படுத்திருப்பான். ப்ராக்ஸி வழியாகப் போகிற சாக்கெட் (நிரல் வலையில் பேசத் திறக்கும் இணைப்பு முனை) அப்படியில்லை, பேசுவது முழுக்க என் நிரல்தான். போகிற பாதை மட்டும் வேறு.

நிரல் எழுதாதவர்களும் இங்கே இருப்பதால் அந்தப் பாதையைக் கொஞ்சம் கிட்டத்தில் காட்டுகிறேன். ப்ராக்ஸியோடு பேசுவதற்கான சாக்ஸ் 5 என்ற நெறிமுறை 1996-இல் ஆர்எஃப்சி 1928 என்ற இணையத் தர ஆவணமாக வந்தது, வழக்கமான துறை எண் (போர்ட்) 1080. என் சாக்கெட் முதலில் சேர வேண்டிய இடத்தோடு இணையாமல் ப்ராக்ஸியோடு இணைகிறது. இணைந்ததும் மூன்று பைட் அனுப்புகிறது: 5, 1, 0. அதாவது 'நான் ஐந்தாம் பதிப்பு, ஒரே ஒரு வழிமுறைதான் தெரியும், அது அடையாளம் காட்டாமல் நுழைவது'. ப்ராக்ஸி 5, 0 என்று இரண்டு பைட் திருப்பினால் சரி என்று பொருள். அடுத்து 5, 1, 0, 3 என்று அனுப்புகிறேன், இதில் 1 என்பது இணைத்துக் கொடு, 3 என்பது முகவரியைப் பெயராகத் தருகிறேன். இன்காய்ஸ் தளத்தின் பெயர் புள்ளிகளோடு 13 எழுத்து, ஆகவே 13 என்று ஒரு பைட், பிறகு அந்தப் பெயர், கடைசியில் சேருமிடத்தின் துறை எண் 443-ஐச் சொல்ல 1, 187 என்று இரண்டு பைட் (256 + 187). பதிலின் இரண்டாவது பைட் 0 என்றால் வேலை முடிந்தது. அதன் பிறகு ப்ராக்ஸி வாயைத் திறக்காது, இந்தப் பக்கம் வருவதை அந்தப் பக்கமும் அந்தப் பக்கம் வருவதை இந்தப் பக்கமும் தள்ளிக்கொண்டே இருக்கும். ரகசியக் குறியாக்கத்துக்கான பேச்சுவார்த்தைகூட எனக்கும் கோடி முனைக்கும் நடுவில்தான். கோடி முனையோ இணைப்பு ப்ராக்ஸியிடமிருந்து வந்ததாகத்தான் பார்க்கும், மண்டபம் அதன் கண்ணில் படாது.

இதைப் படித்தால் எனக்குப் போட் மெயில்தான் ஞாபகம் வருகிறது. 1914-இல் பாம்பன் பாலம் வந்த பிறகு எழும்பூரில் ஏறியவர் தனுஷ்கோடி வரை ரயிலில் போய், அங்கே கப்பல் மாறி, தலைமன்னாரில் இறங்கி, மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு போவார். 1964 டிசம்பர் புயலோடு தனுஷ்கோடி போய்விட்டது. பயணி அவரேதான், பெட்டியும் அவருடையதுதான், அவருக்குப் பதிலாக யாரும் போகவில்லை. ஆனால் கொழும்பு ஸ்டேஷனில் நிற்பவருக்குத் தெரிவது தலைமன்னாரிலிருந்து வந்த வண்டி மட்டும்தான். ப்ராக்ஸியும் அப்படி நடுவில் தொட்டு மாறிப் போகிற துறைதான். ஆகவே என் முன்மொழிவு: இடைத்துறை.

மற்ற சொற்களையும் உரசிப் பார்த்தேன். 'பினாமி'க்குப் பாரசீகத்தில் பெயரில்லாதது என்று மூலப்பொருள், யோசித்தால் பொருத்தம்கூட இருக்கிறது, ஆனால் அமைப்புகள் பக்கத்தில் 'பினாமி முகவரியை உள்ளிடவும்' என்று எழுத எனக்குத் தைரியமில்லை. தங்கை ஒருவர் சொன்ன 'கடத்தி' இயற்பியல் புத்தகத்துக்குச் சரி. கடல் அட்டைக் கடத்தல் என்று வாரத்துக்கு ஒரு செய்தி வருகிற கரையில் 'கடத்தி வழியாக அனுப்பு' என்று திரையில் ஓடினால் விசாரணை வரும். 'நுழைவாயில்' கேட்வேக்குப் போய்விட்டது, அது வேறு சங்கதி, கேட்வே இருப்பது நிரலுக்குத் தெரிய வேண்டியதில்லை, ப்ராக்ஸியை நிரல் தெரிந்தே கூப்பிட வேண்டும். 'இடையகம்' தரவைக் கொஞ்ச நேரம் தேக்கிவைக்கும் பஃபருக்குப் போய்விட்டது. சாக்கெட்டைச் சாக்கெட் என்றே விட்டிருக்கிறேன், அதைப் 'பொருத்துவாய்' என்பவர்கள் மன்னிக்க, ஒரு நேரத்தில் ஒரு சண்டை போதும்.

இடப்பெயராக வைப்பதில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் பிழைச்செய்திகளில்தான். ஆங்கிலத்தில் இணைப்பு மறுக்கப்பட்டது என்று ஒரே வரி வரும். ப்ராக்ஸியே கதவைத் திறக்கவில்லையா, ப்ராக்ஸி திறந்து அந்தக் கோடியில் இருப்பவர் திறக்கவில்லையா என்று அதில் தெரியாது. நெறிமுறையில் இதற்குப் பதில் இருக்கிறது: இரண்டாவது பைட் 2 என்றால் ப்ராக்ஸியின் விதி அனுமதிக்கவில்லை, 4 என்றால் சேருமிடத்தை எட்ட முடியவில்லை, 5 என்றால் சேருமிடம் மறுத்தது. ப்ராக்ஸியே படுத்துவிட்டால் இந்தப் பைட்டே வராது, இயங்குதளத்தின் பிழைதான் வரும். (சில சேவையகங்கள் எதற்கெடுத்தாலும் 1 என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும், அவற்றை என்ன செய்ய.) இப்போது இப்படி எழுத முடிகிறது:

இடைத்துறைக்கே போய்ச் சேரவில்லை.
இடைத்துறையில் அனுமதி இல்லை.
இடைத்துறை வரை வந்தது, அதற்கப்பால் வழி இல்லை.
இடைத்துறை தாண்டியது, சேருமிடம் ஏற்கவில்லை.

பதிலாளை வைத்து இந்த நான்கையும் எழுதிப் பாருங்கள், பதிலாள் வரை வந்தது, பதிலாளைத் தாண்டியது என்று ஏதோ கபடி வர்ணனை மாதிரி ஆகிவிடும்.

தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றுவது எங்கே நடக்கிறது என்று சொல்லவும் இது உதவுகிறது. கொழும்பில் ஒரு வீட்டுக்கு வழியை ராமேஸ்வரத்தில் விசாரிப்பதா, தலைமன்னாரில் இறங்கி விசாரிப்பதா? கர்ல் என்ற பதிவிறக்கக் கருவியில் சாக்ஸ்5 என்று கொடுத்தால் இங்கேயே விசாரிக்கும், சாக்ஸ்5எச் என்று கொடுத்தால் ப்ராக்ஸி விசாரிக்கும். பைதான் மொழியில் பைசாக்ஸ் என்ற நிரல் தொகுப்பு தானாகவே ப்ராக்ஸியிடம் விட்டுவிடும், ஜாவாவில் பெயரை எண்ணாக மாற்றாமலே முகவரியை உருவாக்கிக் கொடுக்க வேண்டும். அந்த ஐஸ் கம்பெனியில் வெளித்தளங்களின் பெயர்கள் உள்ளே எந்தக் கணினிக்கும் தெரியாது, என் முதல் பதிப்பு இங்கேயே விசாரித்து இரண்டு நாள் தடுமாறியது. அமைப்புகளில் இப்போது 'பெயரை இடைத்துறையில் விசாரி' என்று ஒரு பெட்டி வைத்திருக்கிறேன். இன்னொன்று, பைதானில் மொத்த சாக்கெட் வகுப்பையே பைசாக்ஸால் மாற்றிப் போட்டு நிரல் முழுவதையும் ப்ராக்ஸி வழியாகத் திருப்புகிற வழக்கம் இருக்கிறதே, அது சோம்பேறித்தனம். உள்ளூர் அச்சுப்பொறிக்குப் போகிற இணைப்பும் ராமநாதபுரம் போய்த் திரும்பப் பார்க்கும். தேவையான சாக்கெட்டை மட்டும் திருப்புங்கள்.

ஒருவர் கேட்கலாம்: துறை என்றால் போர்ட் என்று ஏற்கெனவே வைத்திருக்கிறோமே, இடைத்துறையின் துறை எண் என்று எழுதுவீர்களா?

இடிக்கத்தான் செய்கிறது, மறுக்கவில்லை. அமைப்புகள் பக்கத்தில் 'இடைத்துறை முகவரி', பக்கத்துக் கட்டத்தில் 'எண்' என்று மட்டும் போட்டுத் தப்பித்தேன். போதாக்குறைக்கு இங்கே துறை என்றதும் பாதிப் பேருக்கு மீன்வளத்துறைதான் ஞாபகம் வரும். ஆனால் துறை என்பது படகு தொடுகிற இடம் என்பதும் இந்தக் கரையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

புதிய செய்திகளோடு ஐஸ் கம்பெனிக்குப் போய் ப்ராக்ஸி எண்ணை வேண்டுமென்றே தப்பாகக் கொடுத்துக் காட்டினேன். கணக்குப்பிள்ளை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு 'இடைத்துறைக்கே போய்ச் சேரவில்லை' என்று சத்தமாகப் படித்தார். "இடைத்துறைன்னா எது, பாம்பனா?" என்றார். ராமநாதபுரம் ஆபீஸ் மெஷின் என்றேன். "அப்ப இங்கேருந்தே கிளம்பலைங்குற" என்று எழுந்து போய் வயரை ஆட்டிப் பார்த்தார்.

மிச்சம் இருப்பது ரிவர்ஸ் ப்ராக்ஸி. அதில் துறை சேவையகத்தின் பக்கம் நிற்கிறது, வருகிறவருக்கு அது துறை என்பதே தெரியாது. 'எதிர் இடைத்துறை' எனக்கே பிடிக்கவில்லை. 'முன்துறை' என்று ஒன்று மனதில் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை அடுத்த பதிப்பு விடுகிறேன், அதற்குள் வேறு சொல் இருந்தால் அனுப்புங்கள், ஐயாவின் கண்டனத்தையும் சேர்த்து.