வார்ல தீட்டுறதா, நீவுறதா? சவரக்கத்திக்கு ஒரு சொல் வேணும், திங்கக்கிழமைக்குள்ள

துருப்பிடிச்சவன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பழைய மடக்கு சவரக்கத்திய துரு எடுத்து, திரும்ப முகத்துல வைக்கிற நிலைக்கு கொண்டு வர்றது எப்படின்னு ஒரு வழிகாட்டிய தமிழ்ல பண்ணிட்டு இருக்கேன், திங்கக்கிழமை காலைல அனுப்பணும். முக்காவாசி முடிஞ்சுது, ஒரே எடத்துல மாட்டிக்கிட்டேன். கல்லுல தேய்க்கிறதுக்கு ஹோன், தோல் வார்ல தேய்க்கிறதுக்கு ஸ்ட்ராப்னு இங்கிலீஷ்ல ரெண்டு சொல் இருக்கு, நமக்கு ரெண்டுமே தீட்டுறதுதான். ஆனா ரெண்டும் நேர் எதிர்த்திசை. கல்லுல கத்தியோட வாய், அதாவது வெட்டுற விளிம்பு, முன்னாடி போகணும். வார்ல முதுகு முன்னாடி போகணும், வாய் பின்னாடி இழுபட்டு வரணும். ரெண்டு எடத்துலயும் "தீட்டவும்"னு போட்டா படிக்கிறவன் வார்லயும் வாயை முன்னாடி தள்ளுவான். மொத வாரம் நானே அப்படித்தான் பண்ணேன், வார்ல குறுக்க விழுந்த வெட்டுல இப்பவும் நகம் மாட்டுது.

சொற்கொல்லன் எழுதியது:

தம்பி, இதுல என்ன குழப்பம். வாரில் இடுதல் வாரிடல். எண்ணெயிடல், பொட்டிடல் மாதிரி. கல்லில் செய்வது தீட்டல், வாரில் செய்வது வாரிடல், முடிஞ்சது. அப்புறம் உன் வழிகாட்டில "சாணை" வந்தா எடுத்துடு, அது வடமொழி 'சாண'த்துலேருந்து வந்தது. தீட்டுக்கல்னு நல்ல தமிழ் இருக்கு. இந்த வேலையெல்லாம் நமக்கு புதுசும் இல்ல. புறநானூறு 95ல ஔவை தொண்டைமானோட படைக்கலத்தைப் பார்த்து "நோன்காழ் திருத்தி நெய்யணிந்து"ன்னு பாடுறாளே, பிடியைச் சரி பண்ணி எண்ணெய் பூசி வச்சிருக்கான்னு. அதியமானோட வேலெல்லாம் நுனி சிதைஞ்சு கொல்லன் பட்டறைல கிடக்காம். நீ பண்றது ரெண்டும் கலந்தது. ரெஸ்டோர் பண்றதுக்கு 'திருத்தல்'னே போடலாம்னு என் கருத்து.

கடைக்காரர் மகன் எழுதியது:

ஐயா மன்னிக்கணும், திருத்தல்னு போட்டா கத்திய பரீட்சைப் பேப்பர் மாதிரி திருத்துவாங்க. வாரிடல்னு எங்க முடிவெட்டுற கடைல சொன்னா சீப்பைத்தான் எடுத்துக் கொடுப்பாங்க, தலை வாருறதுக்கு. வார்ப்பிரும்பு வேற இருக்கு, அது ஊத்துறது. சாணைக்காரர் தெருவுல "சாணை"ன்னு கூவிக்கிட்டு போறார், அவர்கிட்ட போய் தீட்டுக்கல்காரரேன்னு கூப்பிட்டுப் பாருங்க, திரும்பிக்கூட பாக்க மாட்டார்.

இன்னொன்னு, சொல்லலாமான்னு யோசிச்சு சொல்றேன். தீட்டுன்னு ஒரு பெயர்ச்சொல்லும் இருக்கு, அதை எங்க தொழில்ல இருக்கறவங்க மேல எப்படி சொன்னாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். வீட்டுல அப்பா கத்திக்கு அந்தச் சொல்லை எடுக்கவே மாட்டார். "பதம் போடு"ம்பார். கல்லுலயும் பதம், வார்லயும் பதம். அகராதியிலயும் பதம்னா கூர்மைன்னு ஒரு பொருள் இருக்கு.

சொற்கொல்லன் எழுதியது:

அந்தத் தீட்டு வேற இந்தத் தீட்டு வேற. ஓவியம் தீட்டினான், அரிசி தீட்டினான், கத்தி தீட்டினான் எல்லாம் ஒரு வேர்.

கடைக்காரர் மகன் எழுதியது:

வேர் வேறயா இருக்கலாம் ஐயா, காதுல விழுறது ஒண்ணுதான்.

துருப்பிடிச்சவன் எழுதியது:

இதை நான் யோசிச்சே பாக்கல, நன்றி. ஆனா பதம் ரெண்டுக்கும் ஒண்ணுன்னா நான் கெளம்பின எடத்துலயே நிக்கறேன். "தோலில் 40 முறை தீட்டவும்"னு எழுதி வச்சிருந்ததை நேத்து தங்கச்சி படிச்சிட்டு, "யார் தோல்லடா, செத்துடுவான்"னா.

யாழ்ப்பாணத்து அக்கா எழுதியது:

தம்பி, அப்ப தோல் எண்ட சொல்லை முதல்ல தூக்குங்கோ, வார் எண்டே போடுங்கோ. நீவுறது எண்டு ஒரு சொல் கிடக்கு. காலுக்கு எண்ணெய் வைச்சு நீவுறது மாதிரி, அழுத்தாமல் ஒரே பக்கமா இழுக்கிறது. வாரிலை அழுத்தக் கூடாதுதானே? விளங்கினால் காணும், வேரெல்லாம் பிறகு தோண்டலாம். அதுசரி, எந்த ஊர்க் கத்தி உம்மட்ட இருக்கு?

துருப்பிடிச்சவன் எழுதியது:

அக்கா, நீங்களே கேட்டீங்க, இனி நிறுத்த மாட்டேன். ஷெஃபீல்டு கத்தி. முதுகுக்கும் பிடிக்கும் நடுவுல இருக்கற காம்புல 'இங்கிலாந்து'ன்னு முத்திரை. 1890ல அமெரிக்கா ஒரு சுங்கச் சட்டம் போட்டு, இறக்குமதிச் சரக்குல செஞ்ச நாட்டுப் பேரு இருக்கணும்னு சொன்னதால, நாட்டுப் பேரு இருந்தா பெரும்பாலும் 1891க்கு அப்புறம் செஞ்சதுன்னு ஒரு கணக்கு. அகலம் 6/8 அங்குலம், இதை எட்டுல எத்தனைன்னுதான் அளப்பாங்க. பிடி செல்லுலாய்டு, அதுதான் வில்லனே. செல்லுலாய்டு பழசாகி சிதைய ஆரம்பிச்சா அமில ஆவி விடும், கத்திய மடக்கி வச்சா பிடிக்குள்ள இருக்கற பக்கம் மட்டும் துரு தின்னுருக்கும். எனக்கும் அப்படித்தான், பிரிச்சுப் பாத்தா கற்பூர வாடை, உள்பக்கம் செங்கல் நிறத்துல புள்ளி புள்ளியா. ஆணிய அறுத்து பிடிய கழட்டிட்டேன். எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊற வச்சு, 1000 நம்பர் உப்புத்தாள கார்க்குல சுத்தி கையாலயே தேய்ச்சேன். மோட்டார் சக்கரத்துல வச்சா பளபளன்னு வரும், ஆனா அந்த மெலிசான வாய்ப்பக்கம் 200 டிகிரிய தாண்டுனா எஃகோட பதம் போயிடும், அப்புறம் எவ்வளவு தேய்ச்சாலும் கூர் நிக்காது. (பாருங்க, இங்கயும் பதம்னுதான் எழுதறேன், இது வேற பதம்.) செந்துரு போச்சு, அடியில ஒரு கருமை இருக்கு, அதை அப்படியே விட்டுட்டேன், அது கத்திக்கு கெடுதல் இல்ல.

சொற்கொல்லன் எழுதியது:

அந்தக் கருமைதானே இங்கிலீஷ்ல பட்டினாங்கிறது, உலோகம் பழசானா மேல படியறது? அதுக்கு களிம்பு.

கடைக்காரர் மகன் எழுதியது:

ஐயா, களிம்பு செம்புல வர்றது, பச்சையா. இரும்புக்கு எப்படி? இப்போ களிம்புன்னா மருந்துக்கடைல ட்யூப்ல வர்றது. "களிம்பை நீக்க வேண்டாம்"னு எழுதுனா வெட்டுக்காயத்துக்கு போட்டதைன்னு நினைப்பாங்க.

சொற்கொல்லன் எழுதியது:

சைவ சித்தாந்தத்துல உயிரோட சேர்ந்தே இருக்கற ஆணவத்துக்கு செம்பில் களிம்பைத்தானே உவமை சொல்றாங்க? போகவே போகாத படிவுக்கு அதைவிட நல்ல சொல் எங்க கிடைக்கும்?

யாழ்ப்பாணத்து அக்கா எழுதியது:

ஐயா, ஆணவம் நீங்கத்தான் வேணும் எண்டு சொல்லுறவை. தம்பி கருமையை நீக்காதேயுங்கோ எண்டு எழுதுறார். உவமை தலைகீழாப் போச்சு.

துருப்பிடிச்சவன் எழுதியது:

பட்டினாவை "கருமை"ன்னே விட்டுடறேன். இப்போ முக்கியமானது: கல்லுல "தீட்டல்" வேண்டாம், "கல்லில் கூர்பிடித்தல்", வார்ல "நீவல்". வாக்கியம் இப்படி: "முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படிய, வாய் முன்செல்லக் கூர்பிடிக்கவும். பிறகு முதுகு முன்செல்ல வாரில் 40 முறை நீவவும். திருப்பும்போது முதுகின் மேல் உருட்டித் திருப்பவும்." சரியா?

சொற்கொல்லன் எழுதியது:

வார்நீவல்னு ஒரே சொல்லா போடு. வாரின்கண் நீவல், ஏழாம் வேற்றுமைத்தொகை. கூர்பிடித்தல் சரியில்ல, கூரை ஏதோ திருடன் மாதிரி பிடிக்கிறாப்ல இருக்கு. தீட்டலே இருக்கட்டும்னு என் எதிர்ப்பை பதிவு பண்றேன்.

யாழ்ப்பாணத்து அக்கா எழுதியது:

நீவலுக்கு என்ர வாக்கு. நித்திரை வருது.

துருப்பிடிச்சவன் எழுதியது:

அனுப்பிட்டேன். நீவல், கூர்பிடித்தல், கருமை. சாணைய ஒரு எடத்துல விட்டு வச்சிருக்கேன், ஐயா திட்டாதீங்க.

கடைக்காரர் மகன் எழுதியது:

காலைல அப்பாகிட்ட படிச்சுக் காட்டுனேன். கூர்பிடிக்கிறதுக்கு ஒண்ணும் சொல்லல. நீவல்னதும் "கத்தியவா நீவுறானுங்க, கன்னுக்குட்டியா அது?"ன்னுட்டு கடைய தொறக்கப் போயிட்டார்.