மீளூக்கி: திரும்பப் பயன்படும் வினையூக்கிக்கு ஒரு சொல்

அன்புள்ள குழும அன்பர்களுக்கு வணக்கம்.

கரும்புச் சக்கை, மணி உதிர்த்த மக்காச்சோளக் கதிர், உமி முதலியவற்றிலிருந்து பயனுள்ள வேதிப்பொருள்களை ஆக்குகையில், வினை முடிந்ததும் வடித்தெடுத்து அடுத்த முறைக்கும் இடத்தக்க திண்ம வினையூக்கியை எப்படி அழைப்பது என்ற கேள்விக்கு இதுவரை மூன்று சொற்கள் வந்துள்ளன: மறுசுழற்சி வினையூக்கி, மீள்வினையூக்கி, நீடூக்கி.

முதலாவது பழகிய சொல். ஆயினும் இங்கே பொருந்தாது. பழைய தாளைக் கூழாக்கி மீண்டும் தாளாக்கும்போது பொருள் தன் உருவை இழந்து புதிதாகப் பிறக்கிறது. நாம் பேசும் பொடியோ வடிதாளில் தங்கி, கழுவி உலர்த்தப்பட்டு, அதே பொடியாகவே கலனுக்குத் திரும்புகிறது. உழைத்து ஓய்ந்த வினையூக்கியிலிருந்து ருத்தேனியம், பல்லேடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்களைப் பிரித்தெடுக்கும் தொழில் தனியே இருக்கிறது. மறுசுழற்சி என்ற சொல்லை அதற்கே விட்டுவைக்கலாம்.

இரண்டாவதில் ஒரு பொறி ஒளிந்திருக்கிறது. முன்னோக்கியும் பின்னோக்கியும் நிகழும் வினையைப் பாடநூல்கள் மீள்வினை என்கின்றன. எனவே மாணவர் அதை 'மீள்வினை + ஊக்கி' என்றே பிரித்துப் படிப்பார். அப்படிப் படிப்பவரைக் குறை சொல்ல முடியாது. நீடூக்கி காதுக்கு இனிது, பரிந்துரைத்த ஐயாவின் மொழிச்சுவை அதில் தெரிகிறது. ஆனால் குழாய்க்குள் நிரப்பப்பட்டு, மேலே திரவம் ஓடிக்கொண்டிருக்க, மாதக்கணக்கில் வெளியே எடுக்கப்படாமலே உழைக்கும் வினையூக்கியும் நீடிப்பதுதான். நீடிப்பது வேறு, மீள்வது வேறு.

ஆகவே மீளூக்கி என்ற சொல்லை முன்வைக்கிறேன். வினை என்ற உறுப்பு நடுவில் இல்லாததால் மேற்சொன்ன மயக்கம் எழாது. இலங்கைப் பாடநூல்கள் ஊக்கி என்றே எழுதுவதால் இரு கரையிலும் செல்லும். இலக்கணப்படி இது வினைத்தொகை: மீண்ட ஊக்கி, மீள்கின்ற ஊக்கி, மீளும் ஊக்கி. முந்தைய சுற்றிலிருந்து மீண்டது, இந்தச் சுற்றில் மீள்கிறது, அடுத்ததிலும் மீளும் என்று முக்காலமும் அடங்கும் இந்த வசதியைப் பெயரெச்சத் தொடர் தராது.

இத்தகைய சொல் தேவையா என்று கேட்ட அம்மையாருக்கு ஒரு பழைய எடுத்துக்காட்டு. 1922ஆம் ஆண்டு அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் குவேக்கர் ஓட்ஸ் நிறுவனம் ஓட்ஸ் உமியிலிருந்து ஃபர்ஃபுரால் என்னும் வேதிப்பொருளைத் தொழில்முறையில் ஆக்கத் தொடங்கியது. உமியிலுள்ள சைலோஸ் என்னும் ஐங்கரிமச் சர்க்கரை மூன்று நீர் மூலக்கூறுகளை இழந்து ஃபர்ஃபுரால் ஆகிறது. அதற்கு வினையூக்கி கந்தக அமிலம். கரைந்துபோன அமிலத்தை வடிதாளில் பிடிக்க வழியில்லை. சுண்ணாம்பிட்டு நடுநிலையாக்கினால் ஜிப்சம் குவியும், அமிலமும் போய்விடும். சல்போனேற்றிய (அமிலத் தொகுதி இணைத்த) பிசின், நுண்துளைக் கனிமமான சியோலைட்டு போன்ற திண்ம அமிலங்களை நாடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மீளூக்கி என்ற பெயர் அந்த வேறுபாட்டைத்தான் சுட்டுகிறது.

ஒரு பெயருக்குள் மூன்று செயல்களை அடைத்துவிடக் கூடாது என்பதிலும் நாம் கவனமாக இருக்க வேண்டும். பிரித்தெடுப்பது மீட்பு. அப்படியே மீண்டும் இடுவது மீள்பயன். செயல்திறன் குன்றியதைச் சரிசெய்து இடுவது புத்துயிர்ப்பு. சர்க்கரை வினைகளில் ஹியூமின் என்னும் பழுப்புநிறப் பிசுக்கு உண்டாகும். வெள்ளையாக இட்ட பொடி காப்பித்தூள் நிறத்தில் திரும்பி வரும், எத்தனை முறை கழுவினாலும் அந்த நிறம் போகாது. சியோலைட்டாக இருந்தால் காற்றில் ஏறத்தாழ 500 பாகை செல்சியசில் சுட்டு அந்தப் படிவை எரித்துவிடலாம். சர்க்கரையிலிருந்து கிடைக்கும் லெவுலினிக் அமிலத்தைக் காமா-வேலரோலாக்டோன் என்னும் கரைப்பானாக ஆக்கப் பயன்படும், கரியின்மேல் ருத்தேனியம் தாங்கிய வினையூக்கியை அப்படிச் சுட்டால் படிவோடு தாங்கியான கரியும் சாம்பலாகிவிடும். மீட்கவும் மீண்டும் இடவும் முடிந்த ஒன்று, இந்த வழியில் புத்துயிர் பெற முடியாததாக இருப்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இந்தப் பெயரை எதற்கும் தாராளமாகச் சூட்டலாமா என்றால், எனக்குத் தயக்கம் உண்டு. ஒவ்வொரு சுற்றின் விளைச்சலையும் காட்டி, ஐந்து சுற்றிலும் ஒரே உயரத்தில் நிற்கும் பட்டை வரைபடங்களைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு சுற்றும் முழு மாற்றம் அடையும்வரை, அதாவது இட்ட மூலப்பொருள் முழுவதும் மாறும்வரை, ஓடவிடப்பட்டிருந்தால், தேவைக்கு மிஞ்சிய வினையூக்கியில் ஒரு பகுதி செத்துப்போனதுகூட வெளியே தெரியாது. மாற்றம் பாதியளவில் இருக்கும்போது நிறுத்தி ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும்.

இன்னொரு சோதனையும் உண்டு. வினை நடுவில் இருக்கும்போதே, ஆறவிடாமல் சூடாக வடிகட்டி, திண்மம் நீங்கிய திரவத்தைத் தொடர்ந்து சூடாக்க வேண்டும். அத்திரவத்தில் வினை மேலும் நடந்தால், வெறும் வெப்பத்தால் நிகழ்ந்ததல்ல என்று தெரிந்த நிலையில், உழைத்தது வடிதாளில் தங்கிய பொடி மட்டுமல்ல, அதிலிருந்து கரைந்து வெளியேறிய உலோகமோ அமிலமோகூட என்று பொருள். ஆறவிட்டு வடித்தால் கரைந்த உலோகம் பொடியின்மேல் திரும்பவும் படிந்து நம்மை ஏமாற்றக்கூடும்.

இப்படிக் கரைந்து வெளியேறுவதற்கும் நல்ல சொல் இல்லை. கசிவு என்றால் குழாய் ஒழுகுவதாகத் தோன்றுகிறது. அரிப்பு என்றால் துருவை நினைக்கிறோம். கரைந்திழப்பு என்று இப்போதைக்கு எழுதி வருகிறேன். சற்று நீளம் என்பது எனக்கும் தெரிகிறது. குறுகிய சொல் யாருக்கேனும் தோன்றினால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.