20 வரை ஒப்பிக்கிறான், அட்டையில் 5-ஐக் காட்டினால் முழிக்கிறான்

புதுஅம்மா:
மகனுக்கு 4 வயது. 20 வரை மூச்சுவிடாமல் சொல்கிறான். 5 என்ற அட்டையைத் தனியாகக் காட்டினால் ஒன்றிலிருந்து சொல்லிக்கொண்டே வந்து எங்கேயோ நிறுத்துகிறான். 6-ம் 9-ம் அவனுக்கு ஒன்றுதான். எண்ணுக்கு ஒரு நிறமும் பக்கத்திலேயே புள்ளிகளும் அச்சிட்ட அட்டைகள்தான் வைத்திருக்கிறேன். விளையாட்டாகப் பழக்க என்ன செய்யலாம்?

மணல்தட்டு:
பாதிச் சிக்கல் அந்த அட்டையில்தான். 4 மட்டும் சிவப்பு என்றால் பிள்ளை சிவப்பைத்தான் மனதில் வைக்கும். புள்ளி பக்கத்திலேயே இருந்தால் அதை எண்ணிச் சொல்லிவிடும். இரண்டிலும் வடிவத்தைப் பார்க்கத் தேவையே வராது. உள்ளங்கை அளவு வெள்ளை அட்டைகளில் எல்லா எண்களையும் ஒரே கறுப்பில் எழுதுங்கள். புள்ளிகள் பின்பக்கம் போகட்டும். சொன்னது சரியா என்று அவனே திருப்பி எண்ணிப் பார்ப்பான். எண்ணுக்கு அடியில் ஒரு கோடு அவசியம். கோடு கீழே இருக்க வேண்டும் என்று பழகிவிட்டால் 6 தலைகீழாகி 9 ஆகாது.

ஒரு நேரத்தில் மூன்று அட்டை போதும். முதலில் 1, 2, 3. பெயர் சொல்லிக் காட்டுங்கள். பிறகு, “3-ஐத் தலையணைக்கு அடியில் ஒளித்து வை”, “1-ஐக் கதவுகிட்டே கொண்டுபோ”. விளையாட்டின் பெரும்பகுதி இங்கேதான் இருக்க வேண்டும். “இது என்ன?” என்பது கடைசி. மாண்டிசோரி முறையில் இதே மூன்று படிகள்தான். நாம் முதல் நாளே மூன்றாம் படிக்குத் தாவிவிடுகிறோம், பிள்ளை முழிக்கிறது. தடுமாறினால் திருத்தாமல் இரண்டாம் படிக்கே திரும்புங்கள்.

அட்டைகளை எப்போதும் கலைத்தே பரப்புங்கள். வரிசையாக வைத்தால் பாட்டு ஆரம்பித்துவிடும். 2 உறுதியான பிறகே 5. 6 நன்றாகப் பதிந்து சில வாரம் போனபின் 9.

தாயக்கட்டை:
இதோடு ஒரு கட்ட விளையாட்டும் சேருங்கள். நீளமான தாளில் இடமிருந்து வலமாக, ஒரே வரிசையில் 10 கட்டங்கள், 1 முதல் 10 வரை எழுதியது. பகடையின் மூன்று முகங்களில் 1, மூன்றில் 2 என்று தாள் ஒட்டிவிடுங்கள். புள்ளி வேண்டாம், எண்ணாகவே எழுதுங்கள்.

விதி ஒன்றுதான், ஆனால் விடக்கூடாது: காய் நகரும்போது கட்டத்தில் உள்ள எண்ணைச் சொல்ல வேண்டும். 5-ல் நிற்கும்போது 2 விழுந்தால் “ஆறு, ஏழு”. “ஒன்று, இரண்டு” என்று நகர்த்தினால் கட்டத்து எண்ணைப் பார்க்கவே மாட்டான். கீதா ராமணி, ராபர்ட் சீக்லர் 2008-ல் வெளியிட்ட ஆய்வும் இத்தகைய விளையாட்டைப் பற்றியதுதான். எண் எழுதிய கட்டங்களில் ஆடிய குழந்தைகளுக்கு எண்களை அடையாளம் காணும் திறன் கூடியது. வெறும் நிறக் கட்டங்களில் ஆடியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை.

புதுஅம்மா:
நன்றி, அட்டையை இன்றே மாற்றுகிறேன். 3-ஐ இடம்வலம் மாற்றிப் போடுகிறானே, அது பிரச்சினையா? 0 எப்போது?

மணல்தட்டு:
இந்த வயதில் அது இயல்பு. 6, 7 வயது வரைகூட வரும். கோப்பையின் பிடி எந்தப் பக்கம் இருந்தாலும் கோப்பைதானே? அதே பழக்கத்தில்தான் எண்ணையும் பார்க்கிறான். தட்டில் மெல்லிய மணல் பரப்பி, எங்கே தொடங்குவது என்று ஒரு கல்லை வைத்து, விரலால் இழுக்க விடுங்கள். மணல் அதிகமானால் கோடு மூடிக்கொள்ளும், அடித்தட்டு தெரியும் அளவு போதும்.

0 கடைசியில். “எனக்கு 0 கல் கொண்டு வா” என்று சொல்லிப் பாருங்கள். முதல் தடவை எப்படியும் ஒரு கல்லோடு வருவான்.