சுவிஸில் பனிமலை ஏறிப் பழகியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

உறவுகளே, கல்லடியில் இருந்து எழுதுகிறேன். சுவிஸில் இருக்கும் தம்பி இந்தச் சனிக்கிழமை கூட்டாளிமாருடன் பாதை இல்லாத மலைப்பக்கம் போக வெளிக்கிடுகிறான், அங்கே இப்போது பனிப்புயல். டாவோஸ் ஆய்வு நிலைய அறிவித்தலில் பனிச்சரிவு ஆபத்து 5இல் 3. "நடுவிலதானே அக்கா" என்கிறான், ஆனால் அந்த 3இலேதான் நிறையப் பேர் சாகிறார்கள், 30 பாகைக்கு மேற்பட்ட சரிவில் காற்று குவித்த புதுப்பனி ஒரு ஆள் மிதித்தாலே பலகை பலகையாகப் பிளந்து இறங்கிவிடும். புதைந்தவரை முதல் 10 நிமிடத்துக்குள் கூடப் போனவர்கள்தான் தோண்டி எடுக்கவேண்டும், ஹெலி வரும்வரை மூச்சு தாங்காது. இவர்களிடம் புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவி, பனிக்குள் குத்தித் தேடும் தேடுகம்பி, சவள் எதுவுமே இல்லை. பெர்ன் பக்கம் வாடகைக்கு எடுக்க, பயிற்சி எடுக்க எங்கே போகலாம்? அப்புறம், அனுபவமுள்ள அண்ணன்மார் யாராவது வெள்ளிக்கு முன் அவனோடு பேசுவீர்களா? நான் சொன்னால் கேட்கிறான் இல்லை. இன்பாக்ஸில் எழுதுங்கள், இலக்கம் தருகிறேன்.