கோடியக்கரை மூக்கன்: கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. நேற்று காலை வேதாரண்யம் உப்பளத்து ஓரம், கொசு உள்ளான் என்ற குட்டிக் கரைப்பறவைகளின் கூட்டத்துக்கு நடுவே, நீண்ட அலகுள்ள கரைப்பறவையான பெரிய மூக்கன் ஒன்று தனியாக மேய்ந்தது. அலகை அடிவரை சேற்றில் செருகி, புழுவை உருவி எடுத்தது. அலகின் அடி ரோஸ், நுனி கறுப்பு, லேசாக மேல்நோக்கி வளைவு. முதுகில் கோடுகள். பறந்தபோது இறக்கையில் வெள்ளைப் பட்டை தெரியவில்லை. பட்டைவால் மூக்கன்தானே? கருவால் மூக்கன் என்றால் அந்தப் பட்டை பளிச்சென்று தெரியுமே!

முக்கியமான விஷயம், வலது காலில் கொடி வளையம் (பறவை எங்கே போகிறது என்று அறிய ஆய்வாளர்கள் மாட்டிவிடும், எழுத்து பொறித்த சின்னப் பட்டை) இருந்தது. சேறு அப்பியதால் மஞ்சளா வெள்ளையா என்றே புரியவில்லை. மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம் இங்கே பல வருடங்களாக வளையமிடுகிறது; இது அவர்களுடையதா, வெளிநாட்டுடையதா? எழுத்து பாதிதான் தெரிகிறது, அப்படியே அனுப்பலாமா? யாருக்கு எழுதணும்? எங்கிருந்து வந்ததென்று தெரிந்துகொள்ள மனசு அடித்துக்கொள்கிறது. ஆறு படங்கள் போட்டிருக்கேன்.